மரவேலைப் பட்டறைக்கு இரும்பு அறுக்கும் ரம்பம்: எதை வாங்கலாம்?

தச்சுமேசை (தாம்பரம்):

வணக்கம். வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட, பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை ஒன்றில் சில ஆண்டுகளாக மரவேலை செய்து வருகிறேன். டேபிள் சா, கோணத்தில் அறுக்கும் பத்து அங்குல மைட்டர் சா, பிளேனர், மரத்தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் இயந்திரம் என்று மரத்துக்கு வேண்டிய கருவிகள் ஓரளவு சேர்ந்துவிட்டன. இப்போது மேசைகளுக்கும் பெஞ்சுகளுக்கும் வேண்டிய இரும்புச் சட்டங்களையும் நானே செய்ய விரும்புகிறேன். சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்றை வாங்கிப் பழகி வருகிறேன். குறை இருப்பது அறுப்பதில்தான்.

இதுவரை நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மெல்லிய கட்டிங் டிஸ்க் போட்டு அறுத்து வருகிறேன். சதுரக் குழாயின் நான்கு பக்கமும் கோடு கிழித்துக்கொண்டுதான் அறுக்கிறேன் என்றாலும், சுற்றி வந்து தொடங்கிய இடத்தைச் சேரும்போது அறுப்பு ஒரு மில்லிமீட்டராவது விலகி நிற்கிறது. மூலைமட்டம் வைத்தால் வெளிச்சம் தெரிகிறது. அந்த இடைவெளியை வெல்டிங்கில் நிரப்ப முயன்றால் மெல்லிய குழாய் உருகி ஓட்டையாகிவிடுகிறது.

நான் அறுக்கப்போவது பெரும்பாலும் 40 × 40, 25 × 25 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ஸ்கொயர் டியூப், 16 கேஜ் அல்லது 14 கேஜ், அதாவது 1.6 அல்லது 2 மி.மீ. கனம். அடுத்தபடியாக 25 × 25 × 3 'எல்' வடிவ ஆங்கிளும் 25 × 5 பட்டையும். அலுமினியச் செக்‌ஷன் எப்போதாவது வரும். பொருளைப் பிடித்து நிறுத்தும் ஜிக் செய்வதற்காக 50 மி.மீ. உருட்டுக் கம்பி அறுக்க வேண்டியும் வரலாம். சுமார் 25,000 ரூபாய் வரை செலவிட முடியும். சுவரை ஒட்டி அண்டை வீடு இருப்பதால் சத்தத்தையும் கருத வேண்டியிருக்கிறது.

அரைக்கும் வீல் ஓடும் 14 அங்குல கட்டிங் மெஷின், வளையமான பட்டை பிளேடு சுற்றும் பேண்ட்சா, பல் உள்ள வட்ட பிளேடு குறைந்த வேகத்தில் ஓடும் டிரை கட் சா ஆகிய மூன்றில் எது எனக்குப் பொருந்தும்? என்னிடம் இருக்கும் மைட்டர் சாவிலேயே இரும்பு அறுக்கும் பிளேடை மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அது சரியா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிரில்பட்டறை (திருவெறும்பூர்):

ஐயா, கேட், கிரில், படிக்கட்டு வேலைகளைத் தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் 14 அங்குல கட்டிங் மெஷினுக்காகப் பேசுகிறேன். தமிழ்நாட்டில் எந்த வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 355 மி.மீ. வீல், 25.4 மி.மீ. துளை, 2,200 வாட் மோட்டார், நிமிடத்துக்கு 3,800 சுற்று அளவிலான வேகம் என்று ஏறத்தாழ எல்லா நிறுவனங்களின் இயந்திரங்களும் ஒரே அமைப்பில் வருவதால், வீலும் கார்பன் பிரஷ்ஷும் சிறிய ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். துருப்பிடித்த குழாயானாலும், டெம்பர் ஏறிய கம்பியானாலும், பழைய வெல்டிங்கின் மேலே அறுக்க வேண்டியிருந்தாலும் அது தயங்காது. பல் உள்ள எந்த பிளேடுக்கும் இந்தத் துணிவு கிடையாது.

இந்த மெஷின் நேராக அறுக்காது என்று பலர் சொல்வது பாதி உண்மை. அதில் உள்ள கோண அளவுக்குறியை நம்பி, பொருளைப் பிடிக்கும் வைஸை முடுக்கினால் நேராக வராது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மூலைமட்டத்தின் ஒரு கையை வீலின் பக்கவாட்டில் ஒட்டி, மறு கையை வைஸின் பின்தாடையில் ஒட்டிப் பார்த்துத் தாடையைத் திருத்தி, இரண்டு போல்ட்டையும் நன்றாக இறுக்க வேண்டும். அடுத்து, இருபது அடி நீளக் குழாயின் மறுமுனையை மெஷினின் தளத்துக்குச் சமமான உயரத்தில் தாங்கி நிறுத்த வேண்டும். கடைசியாக, கைப்பிடியை அமுக்கக் கூடாது. வீல் மெல்லியது, அமுக்கினால் வளைந்து, மேலே ஒரு இடத்திலும் கீழே ஓர் இடத்திலுமாக அறுக்கும். இந்த மூன்றையும் கவனித்தால் 40 மி.மீ. குழாயில் வெல்டிங்குக்குப் போதுமான நேர்த்தி கிடைக்கும்.

வீலைப் பற்றி இரண்டு செய்திகள். அதன் நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அது காலாவதித் தேதி. ரெசினால் பிணைக்கப்பட்ட வீல்களுக்குப் பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். ரெசின் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும் என்பதால், மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின் கீழே வீல்களை அடுக்கி வைத்தல் ஆகாது. மேலும், தேயத் தேய வீலின் விட்டம் சிறுத்து, ஓரத்தின் வேகமும் குறைந்துகொண்டே வரும். புதிய வீலின் ஓரம் நொடிக்கு எழுபது மீட்டர் ஓடுகிறதென்றால், 250 மி.மீட்டருக்குத் தேய்ந்த பிறகு அது ஐம்பது மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது அறுப்பு மந்தமாவது மெஷினின் குறை அன்று.

மின்சாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2,200 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9.6 ஆம்பியர் ஆகிறது. கிளம்பும் நேரத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் இல்லாமல், விளக்குக்குப் போட்ட சாதாரண சாக்கெட்டில் நீட்டிப்பு ஒயர் போட்டு ஓட்டக் கூடாது.

மெல்லறுப்பு (கோவை):

மேலே எழுதிய நண்பர் சொன்ன ஒவ்வொன்றும் அவருடைய பட்டறைக்குச் சரி. ஆனால் கேள்வி கேட்டவருடைய அறை மரவேலை அறை. என் கருத்தில், எந்த ரம்பம் என்பதை இந்த ஒரு செய்தியே முடிவு செய்துவிடுகிறது.

கட்டிங் வீல் அறுப்பதில்லை, அரைக்கிறது. அரைபட்ட இரும்பு செந்தணலாகப் பின்புறம் பல அடி தூரம் பறக்கிறது. மரவேலை அறையிலோ டேபிள் சாவின் வயிற்றுக்குள்ளும், அலமாரியின் தலைப்பிலும், தகரக் கூரையின் சட்டங்களிலும் மாவு போன்ற மரத்தூள் படிந்திருக்கும். எவ்வளவு பெருக்கினாலும் படிந்திருக்கும். ஒரு பொறி அதில் விழுந்தால் உடனே சுடர் எழ வேண்டும் என்பதில்லை. உள்ளுக்குள்ளேயே கனன்று, நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டு உறங்கிய பிறகு பற்றிக்கொள்ளும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 51பி என்னும் விதித்தொகுப்பு, பொறி பறக்கும் வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் எரியக்கூடிய பொருள் இருக்கக் கூடாது என்கிறது. அகற்ற முடியாதவற்றை மூடிப் பாதுகாக்கச் சொல்கிறது. வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் ஒருவர் இருந்து கண்காணிக்க வேண்டும் என்று 2019 பதிப்பு முதல் வற்புறுத்துகிறது. உங்களுடைய அறையின் நீளமே பன்னிரண்டு அடி.

தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை மட்டும் எக்காரணம் கொண்டும் அந்த மெஷினோடு இணைத்துவிடாதீர்கள். பொறியை நேராக மரத்தூள் பைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து, காற்றும் ஊதிவிடும் ஏற்பாடு அது. ஆங்கிள் கிரைண்டருக்கும் இதே விதிதான்; அதை இப்போதே அறைக்கு வெளியே கொண்டுபோய்விடுவது நல்லது.

ஆகவே என் பரிந்துரை பேண்ட்சா. பேண்ட்சா பிளேடு இரும்பில் நிமிடத்துக்கு 25 முதல் 80 மீட்டர் அளவில்தான் ஓடுகிறது. பொறி கிடையாது, விழுவது சிறு சுருள்கள். அறுத்த முனையைக் கையால் தொடும் அளவுக்குச் சூடு குறைவாக இருக்கும். சத்தம், பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும் அளவு. கட்டிங் மெஷினோ நூறு டெசிபலைத் தாண்டும் என்பதால், அண்டை வீட்டுச் சுவரை ஒட்டி அதை ஓட்டுவது நல்லுறவுக்கு உகந்ததன்று.

வீட்டுப் பட்டறைக்கு இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நான்குக்கு ஆறு அங்குலம் அறுக்கும் சிறிய கிடைமட்டப் பேண்ட்சா. வைஸில் பொருளைப் பிடித்துவிட்டால் ரம்பத்தின் தலை தன் எடையிலேயே இறங்கி, அறுத்து முடித்ததும் தானே நின்றுவிடும். வைஸ் தாடை 45 பாகை வரை திரும்பும். ஆனால் அது தரையில் நிரந்தரமாக இடம் பிடிக்கும். பிளேடை வழிநடத்தும் பேரிங்குகளைச் சரியாக அமைக்கும் வரை நேராகவும் அறுக்காது. மற்றொன்று, கையில் தூக்கிப் பயன்படுத்தும் போர்ட்டபிள் பேண்ட்சா. ஒயருள்ள பெரிய வகை ஆறேழு கிலோ எடையில், 700 வாட் அளவிலான மோட்டாருடன், சுமார் 120 மி.மீ. வரை அறுக்கும். அதை ஒரு தாங்கியில் செங்குத்தாக மாட்டி, மேலே சிறிய இரும்புத் தகட்டு மேசை பொருத்திவிட்டால் நிலையான பேண்ட்சாவாகிவிடும். தேவையில்லாதபோது கழற்றி அலமாரியில் வைக்கலாம். உங்கள் அறைக்கு இதுவே பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

பல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேண்ட்சா வாங்கிய பலர் ஒரே வாரத்தில் பிளேடு மொட்டையாகிவிட்டது என்று கருவியைக் குறை சொல்வது இதனால்தான். அறுபடும் கனத்துக்குள் எப்போதும் மூன்று பற்களாவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. அங்குலத்துக்கு 14 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 1.8 மி.மீ.; 24 பல்லில் 1.06 மி.மீ. உங்கள் 16 கேஜ் குழாயின் சுவர் 1.6 மி.மீ. என்பதால், 14 பல் பிளேடு போட்டால் இரண்டு பற்களுக்கு நடுவே சுவர் போய் விழுந்து, அடுத்த பல் அதில் மோதி ஒடியும். 24 பல்லில்கூட மூன்று பல் என்ற கணக்கு முழுமையாகக் கிடைக்காது. எனவே 24 பல் பிளேடைப் போட்டு, மிக மென்மையாகத் தள்ள வேண்டும். குழாயை மேசையில் தட்டையாக வைக்காமல், மரத்தில் வெட்டிய 'வி' பள்ளத்தில் மூலை மேலாக நிறுத்தி அறுத்தால், பிளேடு சுவரைச் சாய்வாகச் சந்திக்கும், 1.6 மி.மீ. சுவர் பிளேடுக்கு 2.26 மி.மீட்டராகிவிடும். ஆங்கிளுக்குப் பள்ளம்கூட வேண்டாம். இரண்டு ஓரமும் மேசையில் பட, முதுகு மேலாகக் கவிழ்த்து வைத்தால் தொடக்கம் முதல் இறுதி வரை அறுபடும் கனம் மாறாமல் இருக்கும்.

நீங்கள் சொன்ன 50 மி.மீ. உருட்டுக் கம்பிக்கு இதே 24 பல் பிளேடு ஆகாது. பற்களுக்கு இடையே சுருள் தங்க இடமில்லாமல் அடைத்துக்கொண்டு, பிளேடு அறுக்காமல் தேய்க்கத் தொடங்கும். அதற்கு 10/14 என்று குறிக்கப்படும் கலப்புப் பல் பிளேடு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சரியாக அறுக்கிறதா என்பதைச் சுருளே சொல்லும்: வெள்ளி நிறத்தில் தளர்வாகச் சுருண்டு விழுந்தால் சரி; மாவாக விழுந்தால் அழுத்தம் போதவில்லை; தடித்து நீலம் பாய்ந்து விழுந்தால் அழுத்தமோ வேகமோ மிகுதி.

தச்சுமேசை (தாம்பரம்):

இருவருக்கும் நன்றி. மரத்தூள் பற்றிய எச்சரிக்கையைப் படித்ததும் கிரைண்டரை வெளித்திண்ணைக்கு மாற்றிவிட்டேன். போர்ட்டபிள் பேண்ட்சாவின் பக்கம் மனம் சாய்கிறது. ஆனால் மேசைச் சட்டத்தின் நான்கு மூலைகளையும் 45 பாகையில் சேர்க்கவே எனக்கு விருப்பம். தகட்டு மேசை மட்டும் உள்ள அமைப்பில் அது முடியுமா? மைட்டர் சாவில் பிளேடு மாற்றுவது பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. டிரை கட் சா 45 பாகைக்கு எப்படி?

அளவுகோல் (மதுரை):

மைட்டர் சாவைப் பற்றிய கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். உங்களுடைய பத்து அங்குல மைட்டர் சா நிமிடத்துக்கு 4,800 சுற்று அளவில் ஓடுவது என்று வைத்துக்கொண்டால், 255 மி.மீ. பிளேடின் பல்முனை நொடிக்கு 64 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. இரும்புக்கென்றே செய்த டிரை கட் சாவை எடுத்துக்கொள்ளுங்கள்: மக்கிட்டாவின் எல்.சி.1230 போன்றது 305 மி.மீ. பிளேடை 1,300 சுற்றில் ஓட்டுகிறது. பல்முனை வேகம் நொடிக்கு 21 மீட்டர்கூட ஆகாது. மூன்று மடங்கு வேகத்தில் இரும்பைச் சந்திக்கும் கார்பைடு பல் சூடேறி உடைந்து தெறிக்கும். மைட்டர் சாவின் பிளாஸ்டிக் காப்புறையும் உள்ளே தங்கியிருக்கும் மரத்தூளும் சூடான இரும்புச் சுருளைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. இரும்புக்கு அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம்.

அலுமினியம் வேறு. அலுமினியத்துக்கான பிளேடை, அதாவது பற்கள் பின்சாய்வாக அமைந்து ஒன்றுவிட்டு ஒன்று முனை மழுங்கச் சீவப்பட்ட கார்பைடு பிளேடை மாட்டி, பொருளை இரு பக்கமும் கிளாம்ப் போட்டுப் பிடித்து, பல்லில் சிறிது மெழுகு தேய்த்து அறுத்தால் உங்கள் மைட்டர் சாவே போதும். 45 பாகையும் துல்லியமாக வரும். அலுமினியத்தை அரைக்கும் வீலில் மட்டும் கொடுக்காதீர்கள். மென்மையான உலோகம் வீலின் முகத்தில் அப்பிக்கொண்டு சூடேற்றும். அதைவிட, அலுமினியத் தூளும் துருத்தூளும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடப்பது தெர்மிட் எனப்படும் கடுஞ்சூட்டு வினைக்கான மூலப்பொருள்களைச் சேர்த்து வைப்பதாகும்.

டிரை கட் சா சிறந்த கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. முனை கண்ணாடி போல வரும், பிசிறு மிகக் குறைவு, கோணம் நம்பகமானது. இருந்தாலும் உங்களுக்கு இப்போது நான் அதைச் சொல்லமாட்டேன். நல்ல நிறுவனத்தின் மெஷின் உங்கள் தொகைக்குள் அடங்காது. பிளேடும் விலை கூடியது. குழாய் வைஸில் சற்று நழுவினாலும் பல் போய்விடும். பொறி குறைவு என்றாலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சூடான சுருள்கள் பின்புறம் தெறிக்கத்தான் செய்யும். மெல்லறுப்பு சொன்ன மரத்தூள் வாதம் இதற்கும் ஓரளவு பொருந்தும்.

45 பாகை மூலையைப் பற்றி. மரத்தில் சட்டம் போட்டுப் பழகிய கண்ணுக்கு அது அழகாகத் தெரிவது இயல்பே. ஆனால் குழாய்ச் சட்டத்தில் அதற்கு விலை உண்டு: 40 மி.மீ. குழாயை 45 பாகையில் அறுத்தால் முகத்தின் நீளம் 56.6 மி.மீ. ஆகிறது, வெல்டிங்கின் நீளமும் சூடும் கூடுகின்றன, அறுப்பில் அரைப் பாகை பிசகினாலும் முனையில் இடைவெளி திறந்து, சட்டம் முறுக்கிக்கொள்ளும். மேசையின் கீழே மறையும் சட்டத்துக்கு நேர் அறுப்பில் ஒன்றோடொன்று முட்டவைத்து வெல்டிங் செய்து, திறந்த முனையில் 2 மி.மீ. தகட்டை வைத்து மூடித் தேய்த்துவிடுங்கள். வலுவில் குறையாது. கண்ணில் படும் மூலைகளை மட்டும் 45 பாகையில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பேண்ட்சா மேசையின் விளிம்பை ஒட்டி நகரும்படி ஒரு மரச் சட்டத்தில் 45 பாகை முட்டுக்கட்டை பொருத்தினால் போதும். டேபிள் சாவுக்கு ஸ்லெட் (மரத்தைத் தாங்கி நகரும் பலகை) செய்தவருக்கு இதைச் செய்வது கடினமன்று.

பழைய ஃபிட்டர் (ஆவடி):

இவ்வளவு நேரம் மோட்டார் உள்ள கருவிகளைப் பற்றியே பேச்சு நடக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேரும் மாணவனுக்கு இன்றும் தொடக்கத்திலேயே வைஸ், அரம், ஹேக்சா ஆகியவற்றைக் கொடுத்துத்தான் பயிற்சி தொடங்குகிறது. எந்த ரம்பத்தை வாங்கினாலும் இந்த மூன்றும் உங்கள் மேசையில் இருந்தாக வேண்டும். ஏற்கெனவே இருந்தால், நல்லவையா என்று ஒருமுறை பாருங்கள்.

ஹேக்சாவில் பெரும்பாலோர் வெறுத்துப்போவது பிளேடினால்தான். இரும்புக் கடையில் கொத்தாகத் தொங்கும் மலிவான பிளேடை விட்டுவிட்டு, 300 மி.மீ. பைமெட்டல் பிளேடைக் கேட்டு வாங்குங்கள். பல்வரிசை ஹைஸ்பீடு ஸ்டீலாகவும் முதுகு வளையும் எஃகாகவும் இருப்பதால் அது முறியாது, பல்லும் நெடுநாள் நிற்கும். பல் முன்னோக்கிப் பார்க்கும்படி மாட்டி, பிளேடை விரலால் சுண்டினால் 'டங்' என்று ஒலிக்கும் அளவுக்கு இறுக்குங்கள். பட்டைக்கும் ஆங்கிளுக்கும் 24 பல், 16 கேஜ் குழாய்க்கு 32 பல். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம், பின்னால் இழுக்கும்போது இல்லை. பிளேடின் முழு நீளமும் வேலை செய்ய வேண்டும். நிமிடத்துக்கு ஐம்பது முறை தள்ளுவது போதும். வேகமாக ஆட்டினால் சூடேறிப் பல் மழுங்குவதைத் தவிர வேறு பயன் இல்லை.

குழாயை நேராக அறுக்க ஒரு முறை சொல்கிறேன். ஒரே பக்கத்திலிருந்து கீழே வரை இறங்காதீர்கள். ஒரு முகத்தைச் சுவர் கனம் வரை அறுத்ததும் குழாயைக் கால் சுற்றுத் திருப்பி வைஸில் பிடித்து, முன்பு அறுத்த பள்ளமே அடுத்த முகத்துக்கு வழிகாட்டியாக இருக்கும்படி தொடருங்கள். கேள்வியில் சொன்னீர்களே, சுற்றி வரும்போது விலகுகிறது என்று. அந்த விலகலுக்குக் காரணம் கோட்டைப் பென்சிலால் போடுவதும் ஒரே பார்வையில் நான்கு பக்கத்தையும் முடிக்க நினைப்பதும்தான். மூலைமட்டத்தின் தண்டு எப்போதும் குழாயின் ஒரே இரண்டு முகங்களில்தான் பட வேண்டும். குழாயின் தையல் (நீளவாட்டு வெல்டிங் கோடு) இல்லாத, அடுத்தடுத்த இரண்டு முகங்களைத் தேர்ந்து சாக்பீஸால் குறியிட்டு, கூரிய எஃகு முள்ளால் கோடு கிழியுங்கள். குழாயின் முகங்கள் முழுச் சதுரமாக வருவதில்லை. நான்கு முகத்தையும் மாற்றி மாற்றி மட்டம் பிடித்தால் கோடுகள் ஒன்றுசேர மாட்டா.

சிறிய துண்டை வைஸின் ஒரு ஓரத்தில் பிடித்து அறுக்க நேர்ந்தால், தாடையின் மறு ஓரத்தில் அதே கனமுள்ள இன்னொரு துண்டை வையுங்கள். இல்லாவிட்டால் தாடை கோணிக்கொண்டு பொருள் நழுவும். பேண்ட்சா வைஸுக்கும் இது பொருந்தும்.

கிரில்பட்டறை (திருவெறும்பூர்):

மரத்தூளைப் பற்றி மெல்லறுப்பு சொன்னதை ஏற்கிறேன். எங்கள் பட்டறைகளில் தரை சிமென்ட், சுற்றிலும் இரும்பு; அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதினேன். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜி.ஐ. குழாய் மலிவாகக் கிடைக்கிறது, துருப்பிடிக்காது என்று வாங்கி வந்து, அதன் துத்தநாகப் பூச்சோடு அரைப்பதும் வெல்டிங் செய்வதும் வேண்டாம். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். எங்கள் தொழிலில் பலர் பட்டுத் தெரிந்துகொண்ட செய்தி இது. மூடிய அறையில் வேலை செய்கிறவர் எம்.எஸ். குழாயையே வாங்கி, பிறகு பிரைமர் அடித்துக்கொள்வதுதான் நல்லது. இருபது அடிக் குழாயை அறைக்குள் கொண்டுவர முடியாது என்பதால், கடையிலேயே உங்கள் துண்டுகளைவிட ஓர் அங்குலம் கூடுதலாகக் கணக்கிட்டு முரட்டுத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். வாடிக்கையாகச் சரக்கு எடுத்தால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். துல்லிய அறுப்பு மட்டும் உங்கள் வேலையாக மிஞ்சும்.

தச்சுமேசை (தாம்பரம்):

முடிவு செய்துவிட்டேன். ஒயருள்ள போர்ட்டபிள் பேண்ட்சா ஒன்றை வாங்கி, தாங்கியையும் தகட்டு மேசையையும் நானே செய்துகொள்வேன். ஹேக்சாவுக்குப் பைமெட்டல் பிளேடு 24, 32 பல் இரண்டிலும் வாங்குவேன். சட்டங்களின் மறையும் மூலைகளை நேர் அறுப்பிலேயே வைத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் பாரிமுனைக்குப் போய் செம்புதாஸ் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் விசாரிக்கப்போகிறேன். பேண்ட்சா பிளேடு வாங்கும்போது பல் எண்ணிக்கை தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும்? கேட்ட நீளத்துக்குப் பிளேடை வெட்டி வெல்டிங் செய்து தரும் கடைகளிடம் வாங்கலாமா?

மெல்லறுப்பு (கோவை):

தாராளமாக வாங்கலாம், கனத்தை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போர்ட்டபிள் பேண்ட்சாவின் சக்கரங்கள் சிறியவை. பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சிறு வட்டத்தில் வளைந்து நிமிர வேண்டியிருப்பதால் அதற்கு 0.5 மி.மீ. கனமுள்ள பட்டைதான் ஏற்றது. கிடைமட்டப் பேண்ட்சாவுக்குப் போடும் 0.65 மி.மீ. பட்டையில் செய்து கொடுத்தால், பல் கூர்மையாக இருக்கும்போதே முதுகில் விரிசல் விட்டு அறுந்துபோகும். அகலம் 13 மி.மீ., பெரிய வகைக்கு நீளம் பெரும்பாலும் 1,140 மி.மீ.; மெஷினின் கையேட்டில் உள்ள அளவையே எழுதிக்கொண்டு போங்கள். வெல்டிங் செய்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேடு தட்டினால் வாங்காதீர்கள், அது ஒவ்வொரு சுற்றிலும் வழிகாட்டிப் பேரிங்கில் இடிக்கும்.

புதிய பிளேடை மாட்டியதும் முதல் சில அறுப்புகளில் வழக்கத்தில் பாதி அழுத்தமே கொடுங்கள். புதுப் பல்லின் முனை மிக மெல்லியது. சற்றுப் பதப்பட்ட பிறகே முழு அழுத்தத்தைத் தாங்கும். எண்ணெய் ஊற்ற வேண்டாம், சக்கரத்தில் உள்ள ரப்பர் வளையம் நனைந்தால் பிளேடு வழுக்கும். மெழுகுக் கட்டி தடவினால் போதும்.

பழைய ஃபிட்டர் (ஆவடி):

தகட்டு மேசையைப் பொருத்தும்போது மூலைமட்டத்தை பிளேடின் பக்கவாட்டில் வைத்து மட்டம் பார்ப்பீர்கள். அதோடு பிளேடின் முதுகுப் பக்கம் வைத்தும் பாருங்கள். முன்பின்னாகச் சாய்ந்திருந்தால் பக்கவாட்டு மட்டத்தில் அது தெரியாது. குழாயின் மேல்முகம் முன்பாகவும் கீழ்முகம் பின்பாகவும் அறுபட்டு முடியும்போதுதான் தெரியும். இரண்டு திசையும் சரியான பிறகு 25 × 5 பட்டையில் ஒரு துண்டு அறுத்து, அறுத்த இரு முனைகளில் ஒன்றை மட்டும் புரட்டி, கண்ணாடித் தளத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாருங்கள். பிசகு இருந்தால் இரு மடங்காகத் தெரியும். அதில் பாதியைத் தாங்கியின் போல்ட்டுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு குழாயை எடுங்கள்.